இங்கே போன மீசை, அங்கே போன முடி

அண்ணனும் தம்பியும் சலூன் வைத்திருந்தார்கள். ஒரே சலூன் இல்லை. அண்ணனுடையது பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், சைக்கிள் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் இருந்தது. தம்பியுடையது கடல் தாண்டி, பூமி உருண்டையின் அந்தப் பக்கத்தில், அதுவும் ஒரு சந்தில்தான் இருந்தது. தம்பி மனைவியின் வீட்டார் தலைமுறையாக அங்கே இருக்கிறவர்கள், அந்தத் தெருவில் எல்லோருக்கும் தமிழ்தான். கல்யாணம் ஆன கையோடு தம்பியும் கத்திரி, சீப்பு, கத்தி எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கிக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார்.

இரண்டு ஊருக்கும் நேரத்தில் சரியாக அரை நாள் வித்தியாசம். இங்கே விளக்குப் போடும்போது அங்கே விளக்கை அணைப்பார்கள். அண்ணனுக்கு இதில் ஒரு ஆறுதல் இருந்தது. சுவர்க் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தால் தம்பி கடையிலும் அதே மணிதான் இருக்கும். பகலா இரவா என்பதை மட்டும் மனசுக்குள் மாற்றிக்கொண்டால் போதும்.

"ரொம்ப தூரம் எல்லாம் போயிடலை. முள்ளு ரெண்டும் அதே இடத்துலதான் நிக்குது" என்று அண்ணன் கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

தம்பி போன புதிதில் கடைக்கு வந்துபோகிறவர்கள் எல்லோரும் பனியைப் பற்றித்தான் கேட்டார்கள். வெளிநாடு என்றால் பனி கொட்ட வேண்டும், வாயைத் திறந்தால் புகை வர வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. தம்பியோ, இங்கே மாதிரியே வேர்க்கிறது, இங்கே மாதிரியே மத்தியானம் கொளுத்திவிட்டு நாலு மணிக்கு மழை ஊற்றுகிறது, மழை வந்தால் கரண்ட் போகிறது, கரண்ட் போனால் கொசு வருகிறது என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். சந்தா என்று எல்லோரும் கூப்பிடுகிற ஒருவருக்கு இதில் பெரிய ஏமாற்றம். அவருக்குத் தலையில் வெட்டுவதற்கு ஒன்றும் கிடையாது. அஞ்சலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சந்தா கட்டாமல் ஓசியில் பேப்பர் படிக்கத் தினமும் வருவார். அதனால் அந்தப் பெயர்.

"இதே கொசுகிட்ட கடி வாங்கவா அவ்வளவு தூரம் பிளேன்ல போனான்?" என்றார் சந்தா. "இதுக்கு இங்கேயே இருந்திருக்கலாமே."

தம்பி அங்கே எப்படிச் சமாளிக்கிறாரோ என்ற கவலை அண்ணனுக்குத் தீரவே இல்லை. அதனால் ஒரு ஏற்பாடு செய்தார். சாயங்காலம் இங்கே விளக்குப் போட்டதும் தம்பிக்குப் போன் போட்டு, கண்ணாடிக்குக் கீழே பவுடர் டப்பாவில் சாய்த்து வைத்துவிடுவார். தம்பி அங்கே காலையில் ஷட்டரைத் தூக்குகிற சத்தம் இங்கே கேட்கும். முதலில் படத்தோடுதான் பேசினார்கள். போன் தோசைக்கல் மாதிரி சூடானதால் படத்தை நிறுத்திவிட்டுக் குரலை மட்டும் வைத்துக்கொண்டார்கள். இங்கே கடை மூடும் வரை அது ஓடிக்கொண்டே இருக்கும்.

இரண்டு கடையும் கிட்டத்தட்ட ஒரே கடையாகிவிட்டன. இந்தக் கடை ஆட்கள் அந்தக் கடை ஆட்களிடம் சாலைப் பள்ளத்தைப் பற்றியும் தண்ணீர் வராததைப் பற்றியும் புலம்புவார்கள். அவர்கள் பதிலுக்குப் புலம்புவார்கள். எந்த ஊரில் பள்ளம் ஆழம் என்று போட்டி நடக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் இங்கே எல்லோருக்கும் வயிற்றெரிச்சல். இங்கே லீவு முடிந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருக்கும்போது, அங்கே அப்போதுதான் லீவு ஆரம்பித்து ஒருவர் சீட்டியடித்துக்கொண்டே கடைக்குள் நுழைவார். சந்தாவுக்கு இன்னொரு வேலையும் கிடைத்தது. பேப்பரில் வந்த அன்றைய ராசிபலனை அந்தப் பக்கத்துக்குப் படித்துச் சொல்லி, "இங்க எனக்கு நாள் முடிஞ்சுபோச்சு, திடீர் யோகம்னு போட்டிருந்தான், ஒண்ணும் நடக்கலை. நீங்க நம்பி இருக்காதீங்க" என்று எச்சரிக்கையும் செய்வார்.

ஒரே ஒரு தொல்லை, பேச்சு போய்ச் சேரக் கொஞ்சம் தாமதமாகும். ஒருநாள் சந்தா, "உங்க நாய் எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள், "மாமியார் சௌக்கியமா?" என்றும் கேட்டுவிட்டார். அந்தப் பக்கத்திலிருந்து, "போன வாரம் சங்கிலியை அறுத்துக்கிட்டு ஓடினதுதான், இன்னும் தேடிக்கிட்டிருக்கோம்" என்று பதில் வந்தது. சந்தா பேப்பரை மடித்து வைத்துவிட்டு அன்றைக்குச் சீக்கிரமே வீட்டுக்குப் போய்விட்டார்.

அண்ணனுக்கு மட்டும் இந்தப் போன் ஊர்க்கதைக்காக இல்லை. தன் கையில் ஒரு தலையை வெட்டிக்கொண்டே தம்பி கையில் இருக்கும் தலையையும் வெட்டிக்கொண்டிருப்பார். "கிருதாவைப் பாத்து எடு. பின்னங்கழுத்துல அவசரப்படாதே. சோப்பை நல்லா நுரைக்க விடு." ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் தாமதமாக, "சரிண்ணா" என்று வரும். தம்பிக்கு நாற்பது வயதாகப் போகிறது. பக்கத்து ஜெராக்ஸ் கடை அண்ணியுடையது. நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அங்கிருந்தபடியே அவர் இதை எல்லாம் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்வார்.

விஷயம் நடந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அங்கேயும் வெள்ளிதான், காலை.

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் கடைக்கு வந்தார். ஒற்றைக் காரை வைத்துக்கொண்டு ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். அவருக்கு மீசைதான் எல்லாம். காருக்குள் முதலில் மீசை ஏறும், பிறகு மாஸ்டர் ஏறுவார். கிளட்சைப் படக்கென்று விட்டால் அந்த மீசை ஒரு பக்கமாகத் திரும்பும். அதைப் பார்த்த பயத்தில் கற்றுக்கொள்கிறவர்கள் அடுத்த தடவையும் படக்கென்று விடுவார்கள். மறுநாள் காலையில் போட்டோக்காரர் வருவதாக இருந்தது. நாற்சந்தியில் பெரிய போர்டு வைக்க மாஸ்டரின் முகம் வேண்டும்.

மாஸ்டர் நாற்காலியில் சாய்ந்தபோது அண்ணன் வெந்நீர் எடுக்கப் பின்கட்டுக்குப் போயிருந்தார். மாஸ்டர் அதைப் பார்க்கவில்லை. விடிந்ததிலிருந்து மற்றவர்களுக்காகப் பிரேக் மிதித்த களைப்பில் கண்ணை மூடிக்கொண்டு சத்தமாகச் சொன்னார்.

"மெஷின் போட்டு ஒட்ட எடுத்துடுங்க. மீசையில மட்டும் கை வைக்கக் கூடாது."

சொன்னவர் அப்படியே தூங்கிவிட்டார்.

அதே நேரம் அந்தப் பக்கத்தில், தம்பியின் நாற்காலியில் ஒரு பல் டாக்டர் வந்து உட்கார்ந்தார். அவருக்கு முடிதான் எல்லாம். வகிடெடுத்துச் சீவினால் அலை அலையாக நிற்கும். மீசை மட்டும்தான் தொந்தரவு, நாள் முழுக்க மாஸ்க் போட்டு அரிக்கிறது. தம்பி வெளியே ஷட்டரின் மறுபாதியை முட்டுக்கொடுத்துத் தூக்கிக்கொண்டிருந்தார். டாக்டர் அதைக் கவனிக்கவில்லை. சரியாக விழிக்காத கண்ணோடு சொன்னார்.

"முடியில கை வைக்க வேண்டாம்பா. மீசையை மட்டும் சுத்தமா வழிச்சு எடுத்துடு."

அவரும் விட்ட தூக்கத்தைத் தொடர்ந்தார்.

சொன்னது போய்ச் சேரத் தாமதமாகும் என்றேனே. வெந்நீரோடு அண்ணன் உள்ளே நுழைந்தபோது டாக்டரின் குரல் வந்தது. பவுடர் அப்பிக்கிடந்த அந்தப் போனில், மேலே மின்விசிறி கடகடக்க, யார் பேசினாலும் பானைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரிதான் இருக்கும். நாற்காலியில் இருப்பவர் மாஸ்டர். குரல் நாற்காலிப் பக்கமிருந்து வருகிறது. அண்ணன் வெந்நீர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றார்.

"மாஸ்டர், மீசையையா சொல்றீங்க?"

"ம்ம்" என்றார் மாஸ்டர் தூக்கத்தில்.

"நல்லா யோசிச்சுட்டீங்களா? அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது."

"ம்ம்ம்."

ஷட்டரை மாட்டிவிட்டு வந்த தம்பிக்கும் மாஸ்டரின் குரல் அதே மாதிரி வந்து சேர்ந்தது. அந்த அலை அலையான முடியை அவர் ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றார். வெயில் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

"டாக்டர், மொத்தமாவா?"

"ம்."

அண்ணனும் தம்பியும் நடுவில் பேசிக்கொள்ளவும் செய்தார்கள்.

"தம்பி, இன்னைக்கு ஒரு பெரிய காரியம் பண்ணிக்கிட்டிருக்கேன்."

"நானும்தாண்ணா."

"பாத்து, நிதானமா செய்."

"நீங்களும்ணா."

அண்ணன் நிதானமாகத்தான் செய்தார். இத்தனை வருஷத்து மீசை. முதலில் கத்திரியால் குறைத்து, சோப்பு நுரையைக் கனமாகப் பூசி, புதுப் பிளேடு மாட்டி, மூக்கை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து ஒரு கீறல்கூட விழாமல் எடுத்தார். துண்டால் துடைத்ததும் அங்கே வெள்ளை வெளேரென்று ஒரு பட்டை தெரிந்தது. வெயிலே படாத இடம். அதுவரை பேப்பரில் மூழ்கியிருந்து, அப்போதுதான் அதற்கு மேலாக எட்டிப் பார்த்த சந்தா, "யாரு இது?" என்று கேட்டார்.

அந்தக் குரலில்தான் மாஸ்டர் விழித்தார். கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடியிலிருந்து வேறு யாரோ தன்னை வெறித்துப் பார்ப்பதைக் கண்டு, மரியாதைக்கு லேசாகத் தலையசைத்தார். அந்த ஆளும் தலையசைத்தார். அதற்குப் பிறகுதான் கை மேலுதட்டுக்குப் போனது.

"என் மீசை எங்கே?"

"நீங்கதானே மாஸ்டர் எடுக்கச் சொன்னீங்க. ரெண்டு தடவை கேட்டேனே!"

"நானா? நானா சொன்னேன்? முடியைத்தானேய்யா எடுக்கச் சொன்னேன்!"

அப்போது போனிலிருந்து ஒரு அலறல் வந்தது. "முடி! என் முடி எங்கேடா?"

சந்தாதான் முதலில் புரிந்துகொண்டார். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அங்க போக வேண்டியது இங்க வந்துடுச்சு, இங்க வர வேண்டியது அங்க போயிடுச்சு" என்றார்.

மாஸ்டர் போனைப் பாய்ந்து எடுத்தார். "யோவ், யாருய்யா அது? உன் குரலாலதான்யா என் மீசை போச்சு!"

பதில் வரத் தாமதமானது. மாஸ்டர் அதற்குள் இன்னும் மூன்று தடவை கத்திவிட்டார்.

"என் குரலா? நீங்க பேசினதாலதான் என் தலை தேங்காய் மாதிரி இருக்கு! நான் ஒரு டாக்டர், தெரியுமா?"

"நாளைக்குக் காலையில எனக்குப் போட்டோ! ஊரே பாக்கப் போகுது!"

"நாளைக்குத்தானே! உங்களுக்கு இருட்டிடுச்சு. தலையில துண்டைப் போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துடலாம். எனக்கு இப்பதான்யா விடிஞ்சிருக்கு. நாள் பூரா இந்தத் தலையோட நான் எங்க போறது?"

அந்த ஆள் சொல்வதிலும் நியாயம் இருந்தது.

அண்ணன் போனை வாங்கினார். அவமானத்தில் அவருக்குக் காது சிவந்திருந்தது. கோபத்தை எங்கே இறக்குவது என்று பார்த்தார். இறக்குவதற்கு எப்போதும் ஒரே இடம்தான்.

"ஏண்டா, வந்து உக்காந்த ஆளு முகத்தைப் பாத்து என்ன வேணும்னு கேக்க மாட்டியா? எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? கவனம் எங்கடா இருக்கு உனக்கு?"

"சரிண்ணா" வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

"நீங்க கேட்டீங்களாண்ணா?" என்று வந்தது.

"என்னடா சொன்னே?"

"நீங்க முகத்தைப் பாத்துக் கேட்டீங்களான்னு கேக்கறேன். உங்க ஆளு மீசையை எடுத்தது நானா? எனக்கும் ஒரு கடை இருக்குண்ணா. எனக்கும் கை இருக்கு. என் கடையில என் ஆளுங்க முன்னாடி, வந்த நாள்லேர்ந்து கிருதாவைப் பாரு, கழுத்தைப் பாருன்னு... அவங்க என்னைத் தொழில் பழக வந்தவன்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க."

அண்ணன் போனை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அன்றைக்கு வேறு யாருக்கும் வெட்டவில்லை. மாஸ்டரின் முடியைக்கூடத் தொடவில்லை.

மாஸ்டர் வீட்டுக் கதவைத் தட்டினார். மனைவி கதவைத் திறந்து, "அவர் இன்னும் வரலீங்களே. வகுப்பு விஷயமா?" என்றார்.

"நான்தாண்டி."

குரலைக் கேட்டு அந்த அம்மாள் இரண்டடி பின்னால் போனார். விளக்கு வெளிச்சத்தில் நிறுத்தி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். கல்யாணத்தன்றே மீசையோடு வந்த மனிதர். அந்த இடத்தில் இப்படி ஒரு உதடு இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை.

"அய்யோ" என்றார். "அச்சு அசலா உங்க அக்கா."

நாத்தனாருக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை நின்று பல வருஷமாகிறது. அன்றிரவு தட்டை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டே பரிமாறினார். "கொஞ்சம் குழம்பு ஊத்து" என்று மாஸ்டர் நிமிர்ந்து கேட்டபோது, "அப்படிப் பாக்காதீங்க. உங்க அக்கா என் சமையலைக் குறை சொல்ல வாயெடுக்கற மாதிரியே இருக்கு" என்றார்.

காலையில் போட்டோக்காரர் வந்தார். கம்ப்யூட்டரில் மீசை வரைந்துவிடலாம் என்றார், வரைந்தும் காட்டினார். உதட்டில் கம்பளிப்பூச்சி ஏறுகிற மாதிரி இருந்தது. சரி, உள்ளதே இருக்கட்டும் என்று மாஸ்டர் விட்டுவிட்டார். அந்த வெள்ளைப் பட்டையோடு, சிரிக்கவும் முடியாமல் முறைக்கவும் முடியாமல் ஒரு மாதிரியான முகம் போட்டோவில் விழுந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அவருக்குப் புரியவே இல்லை. மூன்று மாதமாக வண்டியைக் குதிக்கவைத்துக்கொண்டிருந்த தையல்கார அம்மா ஒருவர், அன்றைக்கு வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி வண்டியைக் கிளப்பினார். மாஸ்டர் பழக்கதோஷத்தில் மீசையைத் திருப்பப் போனார். திருப்ப ஒன்றும் இல்லை. உதடு மட்டும் சுளித்தது. "சிரிக்கறீங்களா மாஸ்டர்? அப்ப நல்லா ஓட்டறேன்னு அர்த்தம்!" என்று அந்த அம்மா மூன்றாவது கியரையும் போட்டுவிட்டார். போர்டு ஏறியதும் போன் மேல் போன். பார்த்தால் பாவம் மாதிரி இருக்கிறார், திட்ட மாட்டார் என்று வீட்டுக்கு வீடு பேசிக்கொண்டார்களாம்.

டாக்டர் கதை வேறு. அன்றைய சண்டையில் மாஸ்டரை இன்னும் நன்றாகத் திட்டுவதற்காக அவர், தம்பி ஊரில் இருந்தபோது குறித்து வைத்திருந்த மாஸ்டரின் நம்பரை வாங்கி வைத்திருந்தார். மறுநாள், இங்கே சாயங்காலம் அங்கே காலை, கூப்பிட்டார். திட்ட ஆரம்பித்தவர் நடுவிலேயே புலம்பத் தொடங்கிவிட்டார்.

"என்ன ஆச்சு?" என்று கேட்டார் மாஸ்டர்.

"நேத்து வந்தவங்க யாருக்கும் என்னை அடையாளம் தெரியலை. பாதி முகத்தை மாஸ்க் மூடியிருக்கு, தலையிலயும் ஒண்ணும் இல்லை. புது டாக்டர்னு நெனச்சுட்டாங்க."

"அதனால என்ன? வைத்தியம் பாத்துட்டு அனுப்ப வேண்டியதுதானே."

"பாத்தேன். வாயைத் தொறந்ததும் ஒவ்வொருத்தரும் பழைய டாக்டரைப் பத்திச் சொல்றாங்க. கை கனமாம். காது கேக்காதவன் மாதிரி நோயாளி கத்தினாலும் நிறுத்த மாட்டானாம். என் சொந்தச் சித்தப்பா சொல்றாரு, 'நல்லவேளை தம்பி, நீங்க வந்தீங்க, அவன் சரியான கசாப்புக்காரன்'னு. நான் என்ன சொல்ல முடியும்? 'வாயை நல்லாத் தொறங்க'ன்னு சொன்னேன்."

மாஸ்டருக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. எவ்வளவோ அடக்கியும் முடியவில்லை. அந்தச் சிரிப்பு அங்கே போய்ச் சேர்ந்ததும் அந்தப் பக்கமும் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தது. அதிலிருந்து இரண்டு பேரும் தினமும் பேசிக்கொண்டார்கள்.

"மீசை எவ்வளவு வந்திருக்கு?" என்று டாக்டர் கேட்பார்.

"அரிசி அளவு. உங்க தலை?"

"கடுகு அளவு. தலையைத் தடவிப் பாத்துட்டு, கால்மிதி மாதிரி இருக்குங்கறா என் வீட்டுக்காரி."

யாருக்கு வேகமாக வளர்கிறது என்று பந்தயம் வேறு. இங்கத்தித் தண்ணீர் சப்பை, அங்கத்தி வெயில் சூடு என்று இருவரும் காரணம் சொல்லிக்கொள்வார்கள். டாக்டர் இப்போது ஒவ்வொருவரிடமும் "வலிக்குதா?" என்று நிறுத்தி நிறுத்திக் கேட்கிறாராம். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் சின்னதாகிவிடும்.

ஆனால் அண்ணன் கடையில் போன் மறுபடி பேசவே இல்லை. விளக்குப் போட்டதும் கை தன்னால் சட்டைப் பைக்குப் போகும். பிறகு சீப்பை எடுத்துக்கொள்ளும். கடைக்கு வருகிறவர்கள் கொஞ்ச நேரம் பவுடர் டப்பாவைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். சந்தா பேப்பரை மனசுக்குள்ளேயே படித்தார்.

"பெரியவன் நான். நானா கூப்பிடறது?" என்றார் அண்ணன், யாரும் கேட்காமலேயே.

பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஜெராக்ஸ் மெஷின் நின்றது. "அவரு போய் இத்தனை வருஷம் ஆச்சு" என்று அண்ணியின் குரல் வந்தது. "ஆனா நீங்க அனுப்பவே இல்லைங்க. போனுக்குள்ள பூட்டி வச்சிருந்தீங்க. அந்த மனுஷன் ஒரு தடவை எதிர்த்துப் பேசினதுக்கு எனக்குக் கை தட்டணும் போல இருந்துச்சு."

அண்ணன் அன்றைக்கு ஒருவருக்குக் கிருதாவை ஒரு பக்கம் ஏற்றியும் ஒரு பக்கம் இறக்கியும் வெட்டிவிட்டார்.

அந்தப் பக்கத்திலும் நிலைமை சுமார்தான். தம்பி இப்போது தன் இஷ்டத்துக்கு வெட்டுகிறார், ஆனால் ஒவ்வொரு தலையையும் முடித்ததும் யாரோ ஏதோ சொல்லப் போகிற மாதிரி கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் துண்டை உதறுகிறார் என்று டாக்டர் சொன்னார்.

"ரெண்டும் ஒரே மாதிரிப் பிடிவாதம்" என்றார் மாஸ்டர். "நாமதான் எதையாவது செய்யணும். இதுல நாலு பேருக்குச் சண்டை வந்துச்சு. ரெண்டு பேரு ராசியாயிட்டோம். மிச்சம் ரெண்டு பேரு."

மாஸ்டரின் தலை அன்றைக்கு வெட்டாமல் விட்டது விட்டபடி காடாகக் கிடந்தது. டாக்டருக்கும் காதோரம் முடி முள்ளம்பன்றி மாதிரி குத்திட்டு நின்றது. ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, இங்கே விளக்குப் போடும் நேரத்துக்கு, அங்கே ஷட்டர் தூக்கும் நேரத்துக்கு, இருவரும் அவரவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்கள். மாஸ்டர் தன் போனில் டாக்டரைப் பிடித்து, ஸ்பீக்கரைப் போட்டு, சத்தம் காட்டாமல், கழுத்தில் கட்டிய போர்வைக்கு அடியில் மடியில் வைத்துக்கொண்டார். டாக்டரும் அப்படியே.

"மாஸ்டர்" என்று அண்ணன் முன்னால் வந்து, குனிந்து, முகத்துக்கு நேராகக் கேட்டார். "என்ன வேணும்? கண்ணைத் தொறந்து சொல்லுங்க."

"ஒட்ட எடுங்க. முதல்ல கத்திரி போட்டுக் குறைச்சுடுங்க."

அண்ணன் கத்திரியை எடுத்தார். கரகரவென்று வெட்டிக்கொண்டு போனவர், காதுக்குப் பின்னால் வந்ததும் நிறுத்தினார். அவர் நிறுத்தியும் கத்திரிச் சத்தம் நிற்கவில்லை. எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது. இரண்டு வெட்டு, ஒரு சின்ன இடைவெளி, மறுபடி இரண்டு வெட்டு. உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் அப்படி வெட்டுவார். சின்ன வயதில் இடது கையில் பிடித்துப் பழகி, அப்பாவிடம் அடி வாங்கி வலது கைக்கு மாற்றிய கை அது. நடுவில் ஒரு கணம் இன்னும் தயங்கும்.

அண்ணன் கத்திரியைப் பிடித்தபடியே நின்றார். சந்தா பேப்பரை இறக்கினார். பக்கத்தில் ஜெராக்ஸ் மெஷினும் நின்றிருந்தது.

போர்வைக்கு அடியில் இரண்டு வெட்டு, ஒரு இடைவெளி. இரண்டு வெட்டு, ஒரு இடைவெளி.

அண்ணனின் முகம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. காதைக் கொஞ்சம் கீழே கொண்டுபோனார். நெற்றி சுருங்கியது. அவரால் தாங்க முடியவில்லை.

"ஏண்டா, கத்திரிக்குச் சாணை பிடிச்சு எத்தனை நாளாச்சு? சத்தம் சரியில்லையே."

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே தெரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டார். அது கடல் தாண்டிப் போய்ச் சேரும் வரை காத்திருக்க வேண்டும். திரும்ப அழைத்துக்கொள்ள வழியில்லை.

அந்தப் பக்கம் கத்திரி நின்றது.

"நேத்தே பிடிச்சிருக்கணும்ணா" என்று தம்பியின் குரல் மாஸ்டரின் மடியிலிருந்து வந்தது. "சாணைக்காரன் ஊருக்குப் போயிருக்கான். எனக்கே தெரியுது, முடியைக் கவ்வுது."

"கவ்வும். கவ்வத்தான் செய்யும்." அண்ணன் போர்வையை விலக்கிப் போனை எடுத்துக் கண்ணாடிக்கு முன்னால் வைத்தார். ஏதோ சொல்ல வந்து, அதை விழுங்கி, வேறொன்று சொன்னார். "நீ... நீ எப்படிச் சரி பண்ணலாம்னு நெனைக்கறே?"

தம்பிக்கு இந்த மாதிரி ஒரு கேள்வி அண்ணனிடமிருந்து இதுவரை வந்ததே இல்லை. அந்தத் தாமதம் அன்றைக்குக் கொஞ்சம் கூடவே இருந்தது. பிறகு அவர் பேச ஆரம்பித்தார். கத்திரியில் தொடங்கி, கடைக்குப் பக்கத்தில் புதிதாக ஒருவன் ஏசி சலூன் திறந்தது, அதற்காக நாற்காலிக்கு மெத்தை மாற்றியது, மகளுக்கு இரண்டு பல் போய், பேசினால் காற்றாக வருவது, அந்தப் பல்லை இந்த டாக்டர்தான் வலிக்காமல் எடுத்தது என்று ஒரு மாதத்துக் கதை எல்லாம் கொட்டியது. அண்ணன் கத்திரியைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அண்ணியும் தடுப்பைச் சுற்றிக்கொண்டு வந்து, "எந்தப் பல்லு? மேலயா கீழயா?" என்று சேர்ந்துகொண்டார்.

"தம்பி, எனக்குக் கிளினிக் திறக்கணும், வெளியில ஆளுங்க காத்துக்கிட்டிருப்பாங்க" என்று டாக்டரின் குரல் மெதுவாகக் கேட்டது.

"ஒரு நிமிஷம் டாக்டர், அண்ணன் பேசிக்கிட்டிருக்கார்."

"அண்ணே, எனக்குப் பசிக்குது, வீட்டுல தேடுவாங்க" என்றார் மாஸ்டர் இந்தப் பக்கம்.

"இருங்க மாஸ்டர், தம்பி பேசறான்ல" என்றார் அண்ணன்.

இங்கே தெருவிளக்குகள் எரிந்துவிட்டன, அங்கே வெயில் ஏறிவிட்டது. இரண்டு பேரும் பாதித் தலையோடு, கண்களை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.